மியூனிக்கில் ரூம் கிடைக்குமா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்குத் தண்டையார்பேட்டை. மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, மார்ச்சில் சேர வேண்டும், மாதம் 1,200 யூரோ தருவார்கள். நெட்டில் ரூம் தேடினால் 800, 900 என்றுதான் வருகிறது. ஒரே ஒரு விளம்பரம் மட்டும் 430 யூரோவுக்கு, அதுவும் ஊருக்கு நடுவிலேயே. படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறாராம், ஒரு மாத வாடகையும் அட்வான்ஸும் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். அப்பா ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார். அம்மாவின் செயினை அடகு வைத்து அனுப்பிவிடலாம் என்கிறார். அனுப்பலாமா?
- தண்டையார்பேட்டை வாசகி

பதில்: அனுப்பாதே தங்கச்சி. முதலில் அப்பாவுக்குப் போன் போட்டு, செயின் பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வா, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் தெரிகிறது. மூன்று பட்டைத் துளை, மேலே குட்டி சுவிட்ச். அது இங்கிலாந்து பிளக். ஜெர்மனியில் பிளக் பாயின்ட் வட்டமாக உள்ளே குழிந்து, இரண்டே இரண்டு உருண்டைத் துளையோடு இருக்கும். எங்கேயோ இருக்கிற வீட்டின் படத்தை எடுத்துப் போட்டு மியூனிக் என்கிறார்கள். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி கூரியரில் வரும், பணம் முன்னாடியே வேண்டும் என்று இந்த மூன்றும் சேர்ந்து வந்தாலே அது மோசடிதான், யோசிக்கவே வேண்டாம். பாஸ்போர்ட் நகல் கேட்டிருந்தால் அதையும் அனுப்பாதே, உன் பாஸ்போர்ட்டைக் காட்டி அடுத்த பிள்ளையை ஏமாற்றுவார்கள்.

நம்ம பக்கம் வீடு எப்படிக் கிடைக்கிறது என்று யோசித்துப் பார். டு-லெட் போர்டு பார்த்தா போகிறோம்? தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் பால் பூத் அக்காவிடமும் சொல்லி வைத்தால், இன்ன சந்தில் மாடி போர்ஷன் அடுத்த மாதம் காலியாகுது, ஓனர் நல்ல மாதிரி, மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வரும் என்று அவர்களே சொல்வார்கள். காலி செய்கிறவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்போம். ஜெர்மனியில் உன் இஸ்திரிக்காரர் யார் தெரியுமா? உனக்கு முன்னால் அதே கம்பெனியில் இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டுக் கிளம்பப் போகிற பிள்ளை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்டர்ன்கள் மாறுகிற கம்பெனிகளில் ஒருவர் விட்ட ரூமை அடுத்தவர் பிடிப்பது வழக்கம், பல ரூம்கள் விளம்பரத்துக்கே வராது. அதனால் இன்றைக்கே உனக்கு ஆஃபர் அனுப்பிய எச்.ஆருக்கு நாலு வரி எழுது: பிப்ரவரியில் முடித்துவிட்டுப் போகிற இன்டர்ன் யார், அவரோடு பேச முடியுமா, கம்பெனிக்குத் தெரிந்த தங்குமிடம் ஏதாவது உண்டா என்று. கேட்பதில் கூச்சமே வேண்டாம், தினமும் அவர்களிடம் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அது அமையவில்லை என்றால் 'ட்ஸ்விஷன்மீட்டே' என்று தேடு. இடைக்கால வாடகை என்று அர்த்தம். ரூம்காரர் சில மாதம் வேறு ஊருக்குப் போகும்போது கட்டில், மேஜையோடு அப்படியே விட்டுவிட்டுப் போவார். அங்கே காலேஜ் வகுப்புகள் பிப்ரவரி நடுவில் முடிந்து ஏப்ரல் நடுவில்தான் மறுபடி தொடங்கும், அந்த இடைவெளியில் இப்படி நிறைய ரூம் வரும், நீ போகிற மார்ச்சுக்குச் சரியாக இருக்கும். முதல் ஒன்றரை மாதம் அதில் காலூன்றிக்கொண்டு, அங்கிருந்தபடியே நேரில் பார்த்து அடுத்ததைப் பிடிக்கலாம். மாணவர் விடுதிகள் அங்கேயே சேர்ந்து படிக்கிறவர்களுக்குத்தான், இன்டர்னுக்கு நேரடியாகக் கிடைப்பது கஷ்டம். ஆனால் தொழில் பழகுகிற இளைஞர்களுக்கென்று 'யூகெண்ட்வோன்ஹைம்' விடுதிகள் இருக்கின்றன, அங்கேயும் கேட்டுப் பார்.

பலர் சேர்ந்து இருக்கிற வீட்டுக்கு 'வேகே' என்று பெயர். அதில் ரூம் கேட்டால் வீடியோ காலில் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு அங்கே இருக்கிற நாலு பேரும் உன்னைக் கேள்வி கேட்பார்கள். எத்தனை மணிக்குத் தூங்குவாய், பாத்ரூம் கழுவுவது யார் முறை என்று. உள்ளதைச் சொல். நீயும் போனைக் கையில் எடுத்து வீடு முழுக்க ஒரு சுற்றுக் காட்டச் சொல், வாசல் கதவிலிருந்து தெரு வரைக்கும். உண்மையான வீடாக இருந்தால் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். ஜெர்மனியிலேயே வாடகை அதிகமான ஊர் மியூனிக்தான், அதனால் 800 என்று கேட்டால் அது ஏமாற்று இல்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி லைனில் பொன்னேரி, மீஞ்சூரிலிருந்து தினமும் சென்ட்ரலுக்கு வேலைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்! அங்கேயும் அதே மாதிரி ஆக்ஸ்பர்க், லாண்ட்ஸ்ஹூட்டிலிருந்து முக்கால் மணி நேரம் ரயிலில் வருகிறார்கள். மாதப் பாஸ் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்', 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ, நாடு முழுக்க பஸ், டிராம், மெட்ரோ, சாதாரண ரயில் எல்லாவற்றிலும் செல்லும், வேக ரயிலில் மட்டும் ஏறாதே. அது தானாகவே மாதாமாதம் நீளும், நிறுத்த வேண்டிய மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். உன் கம்பெனி ஊருக்கு எந்தப் பக்கம் என்று மேப்பில் பார்த்து, அந்த ரயில் லைனிலேயே ரூம் தேடு. 600க்குள் அமைந்தால் சாப்பாட்டுக்கு 220, பாஸ், போன் எல்லாம் போக 1,200இல் கொஞ்சம் மிச்சமே இருக்கும்.

விளம்பரத்தில் 'கால்ட்மீட்டே' என்றால் வெறும் வாடகை, 'வார்ம்மீட்டே' என்றால் ஹீட்டர், தண்ணீர் சேர்த்து. இங்கே ஓனர் வாடகை ஒன்று சொல்லிவிட்டு, மோட்டார் காசு தனி, மெயின்டெனன்ஸ் தனி என்பாரே, அதே கதைதான். கரன்ட், இன்டர்நெட் இரண்டும் உள்ளேயா வெளியேயா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. ரேடியோ, டிவிக்கென்று மாதம் 18.36 யூரோ ஒரு கட்டணம் உண்டு, டிவி இல்லாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். ஆனால் அது வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று இல்லை. எத்தனை பேரோ அத்தனையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் விஷயத்தில் உனக்கு ஒரு ஆறுதல். இங்கே பத்து மாதம் கேட்டுப் பழகிவிட்டோம். அங்கே சட்டப்படி மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட உனக்கு உரிமை உண்டு. புரோக்கர் கமிஷனும் 2015 ஜூனிலிருந்து யார் புரோக்கரை அமர்த்தினாரோ அவர் தலையில்தான். ஓனர் வைத்த புரோக்கருக்கு நீ பைசா தர வேண்டாம்.

கொடுத்த அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வர வேண்டுமே, அதுதான் பெரிய பாடு. நான் அங்கே இருந்தபோது மேஜை விளிம்பில் ஒரு நகம் அளவுக்கு வட்டமாகச் சூடு பட்ட தழும்பு, எனக்கு முன்னால் இருந்தவர் வைத்தது. சாவி வாங்கிய அன்று பயணக் களைப்பில் நான் கவனிக்கவில்லை. காலி செய்கிற அன்று அந்த வீட்டம்மா விரலால் தடவிப் பார்த்து, 80 யூரோ பிடித்துக்கொண்டார். என்னிடம் படம் இல்லை, என்ன சொல்ல முடியும்? அதனால் சாவி வாங்கிய கையோடு, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், தரை, சுவர், மெத்தையின் அடிப்பக்கம், ஃபிரிட்ஜ் உள்ளே, மீட்டர் எண் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே ஓனருக்கு மெயில் அனுப்பிவிடு.

இன்னொன்றும் கேட்க மறக்காதே. வீட்டுக்குப் போன இரண்டு வாரத்துக்குள் முகவரியை அலுவலகத்தில் பதிய வேண்டும், 'அன்மெல்டுங்' என்பார்கள், அதற்கு ஓனர் ஒரு கடிதம் தர வேண்டும். கடிதம் தர மாட்டேன் என்கிற ரூம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், வரி எண் முதல் எல்லாமே அதைத் தொட்டுத்தான் இருக்கிறது. தபால் பெட்டியில் உன் பெயரை ஒட்டச் சொல். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் போடாமல் திருப்பிக் கொண்டு போய்விடுவார்.

சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் வாடகை, அட்வான்ஸின் முதல் தவணை, சாப்பாடு என்று 1,500 யூரோவாவது கையில் வேண்டும். யூரோ 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது, ஒன்றரை லட்சத்துக்கு மேலேயே என்று வைத்துக்கொள். செயினுக்கு வேலை வந்தாலும் அது இதற்குத்தான், லண்டன் ஆளுக்கு இல்லை. அடகுக்கு முன்னால் கம்பெனியிடம் முதல் மாதத்தில் கொஞ்சம் முன்பணம் தர முடியுமா என்று கேட்டுப் பார்.

கேள்வி: என் மகனுக்கு சிங்கப்பூரில் பத்து வாரப் பயிற்சி. அங்கே தெரிந்தவர் ஒருவர் தன் அடுக்குமாடி வீட்டில் ஒரு அறையை இரண்டரை மாதத்துக்கு வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். சேர்க்கலாமா?
- ராயபுரம் வாசகர்

பதில்: வேண்டாம் அண்ணே. அரசு கட்டிய எச்.டி.பி. வீடு என்றால் குறைந்தது 6 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், தனியார் வீடு என்றால் 3 மாதம். பத்து வாரம் இரண்டிலும் வராது. ஹாஸ்டல் அல்லது சர்வீஸ் அபார்ட்மென்ட் பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடத்தான், ஆனால் பையன் பயமில்லாமல் தூங்குவான். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம்: லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டர் மாதிரி உணவங்காடிகளில் சாப்பிட்டால் கட்டுப்படியாகும்.

கேள்வி: ஜெர்மனி போகும் மகளுக்கு குக்கர், நெய், கருவாடு எல்லாம் கொடுத்து அனுப்பலாமா அம்மா?
- காசிமேடு வாசகி

பதில்: குக்கர் தாராளமாக. இரண்டு லிட்டர் போதும், அடிப்பாகம் இன்டக்ஷனுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள், கேஸ் அடுப்பு எல்லா வீட்டிலும் இருக்காது. ஐரோப்பாவுக்குள் வெளிநாட்டு இறைச்சி, பால் பொருட்கள் கொண்டு போக விட மாட்டார்கள், அதனால் நெய்யும் கறி ஊறுகாயும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள், பொடியாக அரைத்துக் கொடுங்கள். மகளிடம் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், நம்மைப் போல கேன் போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே அரிசி, காய் வாங்கி வைத்துவிட வேண்டும்.

கருவாடு கொண்டு போகலாம்மா, சொந்த உபயோகத்துக்கு மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. நெத்திலியாகக் கொடுங்கள், நன்றாக வெயிலில் காய வைத்து, இரண்டு கவர் போட்டு, துணிகளோடு சேர்க்காமல் தனி டப்பாவில் வைத்து மூடுங்கள். வறுக்கிற அன்றைக்கு உடன் இருக்கிற பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவிட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.