ரிப்பன் இல்லாத இன்ஸ்பெக்டர்

கேள்வி: நாங்கள் கம்மவான்பேட்டையில் வசிக்கிறோம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர் என் மாமனார். இரவில் டி.வி.யில் குற்றத் தொடர் பார்க்கும்போது, "இன்ஸ்பெக்டருக்கு ரிப்பன் எங்கே? தொப்பி இல்லாமல் சல்யூட்டா?" என்று காட்சிக்குக் காட்சி சத்தம் போடுகிறார். பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். அவரை எப்படி அடக்குவது?
- ஒரு மருமகள், வேலூர் மாவட்டம்

பதில்: அடக்க வேண்டாம், சகோதரி. அவர் சொல்வது சரி. தோளில் மூன்று நட்சத்திரமும், அதன் கீழே சிவப்பும் நீலமுமான ரிப்பனும் இருந்தால்தான் இன்ஸ்பெக்டர். ரிப்பனை எடுத்துவிட்டால் அவர் டி.எஸ்.பி. ஆகிவிடுவார், ராணுவத்தில் அதே மூன்று நட்சத்திரம் கேப்டனுக்கு உரியது. தலையில் தொப்பி இல்லாதபோது ராணுவத்தினர் கையை உயர்த்துவதில்லை, விறைப்பாக நிற்பார்கள். உடுப்பு அற்ப விஷயம் என்று யாராவது சொன்னால் நம் வேலூர்க் கோட்டையைக் காட்டுங்கள். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய தலைப்பாகையும் ஒரு காரணம். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிவரும் உங்கள் ஊர்க்காரருக்குக் கோபம் வராமல் இருக்குமா?

எனக்கு அதைவிடப் பெரிய கோபம் வேறொன்றில். தொடரில் கைதானவனை லாக்கப்பில் அடிக்கிறார்கள், அவன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், வழக்கு முடிகிறது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை அவனுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அது தொடர்பான பகுதி மட்டும் செல்லும். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். தொடரிலோ நாள்கணக்கில் அடைத்துவைக்கிறார்கள்! நாளை நம் வீட்டுப் பையனை யாராவது அப்படி வைத்திருந்தால், இதுதான் நடைமுறை போலும் என்று நாமும் வாசலிலேயே காத்து நிற்போம். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவு கிடையாது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவு. வசனம் எழுதுபவர்கள் இதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பிள்ளைகள் எழுந்து போவது, தாத்தா திரையைப் பார்த்தே பேசுவதால்தான். "மாமா, விளம்பரம் வரட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். மறுக்கமாட்டார். மூன்று பட்டை வைத்த அவருடைய பழைய சட்டை பெட்டியில் இருந்தால், அதை எடுத்து வந்து பிள்ளைகளின் மடியில் வையுங்கள்.