பேக்கப் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்காவிட்டால் சேரலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதுதான் பேக்கப் கல்லூரி. தீபாவளிக்கு ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் விழுந்தவர் பஸ்ஸிலும் ஒரு சீட் போட்டு வைப்பாரே, அது போல. ஆனால் அந்த பஸ் நம்ம ஊருக்குப் போக வேண்டும், டிக்கெட்டும் கைக்காசுக்குள் இருக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது காசில்தான். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கிடைக்காத பாடப்பிரிவுக்காகக் கடைசி நேரத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு, அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடங்களுக்கு, ஓடுகிறார்கள். அங்கே போனால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 2 லட்சம் வீதம் 4 ஆண்டுக்கு 8 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம். படிக்கும்போதும் அதற்கடுத்த ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், சரி. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், தனிவட்டியாகவே 2.8 லட்சம் சேர்ந்துவிடும். அப்புறம் 10 ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 14,270 ரூபாய். முதல் வேலையின் சம்பளத்தில் இது பெரிய துண்டு.

பொருத்தம் என்றால் பாடப்பிரிவு, ஆசிரியர்கள், வீட்டிலிருந்து போய்வரும் தூரம். விடுதிச் செலவு மிச்சமாகும் சாதாரண அரசுக் கல்லூரி, பளபளக்கும் கட்டடத்தைவிட மேல் என்பது என் கட்சி.

கலந்தாய்வில் கொடுக்கும் விருப்பப் பட்டியலின் அடியில் பேக்கப்பைச் சேர்த்தால் மேலே உள்ளது கைநழுவும் என்று சிலர் பயப்படுகிறார்கள்; அப்படியில்லை, உங்கள் தரவரிசைக்குக் காலியிடம் உள்ள முதல் விருப்பத்தையே ஒதுக்குவார்கள்.