அரத்தின் நம்பரை செயினைக் கேளுங்கள்

கேள்வி: சின்ன செயின்சா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கையேடு, அட்டைப்பெட்டி எதுவும் கூட வரவில்லை. இப்போது செயின் மழுங்கிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் 4 மி.மீ. வட்ட அரம் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் 5.5 என்று அடித்துச் சொல்கிறார். இருவருமே பல வருஷம் மரம் அறுத்தவர்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரையும் விடுங்கள், செயினைக் கேளுங்கள். முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றுங்கள். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை உருவிவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு செயினில் அப்பியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடுதான் பார். அந்தப் பாரின் பள்ளத்துக்குள் துடுப்பு மாதிரி ஒரு துண்டு ஓடுகிறதே, அதுதான் டிரைவ் லிங்க். அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு எண் குத்தியிருக்கும். ஓரிகன் கம்பெனிச் செயினில் 91 என்றிருந்தால் 4 மி.மீ. அரம். 90 என்றால் 4.5. 20, 21, 22 மூன்றுக்கும் 4.8. 72, 73, 75 என்றால் 5.5. ஸ்டில் கம்பெனிச் செயினாக இருந்தால் பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டைப் பாருங்கள், ஒற்றை எண் இருக்கும். 2 என்றால் 4.8, 3 என்றால் 5.2, 6 என்றால் 4.

எண் தேய்ந்து போயிருந்தால் அளக்க வேண்டியதுதான். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொண்டு, முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை அளவுகோல் வையுங்கள். அதில் பாதிதான் பிட்ச். 16.5 மி.மீ. வந்தால் .325 அங்குல பிட்ச், 4.8 அரம். 20.5 வந்தால் .404, அது பெரிய மெஷின், 5.5 அரம். 19 வந்தால் 3/8 அங்குலம். வம்பு அங்கேதான். 3/8-ல் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று முழு உயரம், இன்னொன்று ‘லோ புரொஃபைல்’ என்கிற குட்டை ஜாதி. இரண்டிலும் ரிவெட் இடைவெளி ஒன்றுதான், பல்லின் உயரம்தான் வேறு. குட்டைக்கு 4 அல்லது 4.5 அரம், முழு உயரத்துக்கு 5.2 அல்லது 5.5. உங்கள் ஆட்கள் இருவரும் தப்பாகச் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு செயினை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். சின்ன மெஷின் என்கிறீர்கள், பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும். ஆனாலும் எண்ணைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் இந்த 19-ஐ நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். குட்டைச் செயினுக்கு 5.5 அரத்தைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அராவினேன். பல் எல்லாம் பளபளவென்று இருந்தது. கட்டையில் வைத்தால் கடிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. மெஷினை அழுத்தினேன். பாரிலிருந்து புகை வந்ததுதான் மிச்சம். அரம் பெரிதாக இருந்தால் வெட்டுமுனை பின்பக்கம் சாய்ந்துவிடும், மரத்துக்குள் இறங்காது. சிறிதாக இருந்தாலோ குழிவு ஆழமாகி, முனை கிளி மூக்கு மாதிரி வளைந்து நிற்கும். முதல் கட்டையை வெறியோடு அறுக்கும், மூன்றாவது கட்டைக்குள் முனை மடங்கிவிடும்.

அரம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி: பல்லின் குழிவில் அரத்தை வைத்து, கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். அரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். 4.8 அரம் என்றால் ஏறக்குறைய ஒரு மி.மீ.

கேள்வி: அரத்தைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொடுக்கும் கைடு இல்லாமல், வெறும் அரத்தை வைத்தே தீட்ட முடியாதா? கைடு என்று கேட்டால் நாலைந்து விதம் காட்டுகிறார்கள்.

பதில்: முடியும். ஆனால் அதற்குக் கை பழக வேண்டும், அதுவரை செயின்தான் விலை கொடுக்கும். நான் இன்றைக்கும் களத்தில் நிற்கும்போது வெறும் அரம்தான். ஆனால் நாலு தடவைக்கு ஒரு தடவை கைடு வைத்துச் சரிபார்ப்பேன். வலது கைக்காரன் எனக்கு ஒரு பக்கத்துப் பற்கள் எப்போதும் இரண்டு டிகிரி தப்பிவிடும், அதை என் கண் கண்டுபிடிக்காது.

முதல் கைடாக வாங்கச் சொல்வது, அரத்தோடு மாட்டிக்கொள்ளும் தகரத் தட்டு. அது பல்லின் மேல் உட்கார்ந்துகொள்வதால் அந்த ஐந்தில் ஒரு பங்கு தானாக வந்துவிடும். தட்டின் மேல் கோடு போட்டிருக்கும். 30 டிகிரிக் கோட்டைச் செயினுக்கு இணையாக வைத்துக்கொண்டால் போதும். சில செயினுக்கு 25 டிகிரி, பலகை அறுக்கிற ரிப்பிங் செயினுக்கு 10. தட்டும் அரத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 4.8 தட்டில் 4 மி.மீ. அரத்தைச் சொருகினால் ஆட்டம் காணும்.

உருளை வைத்த கைடு இன்னும் சுலபம். செயின் மேல் கவ்வி உட்காரும், அரம் உருளை மேல் ஓடும். எதுவும் தெரியாதவருக்கு அதுதான் நல்லது. ஆனால் ஒரு பிட்சுக்கு ஒரு கைடு, வேறு செயினுக்கு அது உதவாது. வட்ட அரம் இரண்டும் தட்டை அரம் ஒன்றும் ஒரே சட்டத்தில் இருக்கும் ‘டூ இன் ஒன்’ கைடு பல்லோடு சேர்த்து அதற்கு முன்னால் இருக்கும் மேட்டையும், அதாவது டெப்த் கேஜையும், தேய்த்துவிடும். நேரம் இல்லாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். பாரின் மேல் திருகி மாட்டும் ஜிக்கை, ஆணியில் மாட்டிச் சிதைந்த செயினுக்கு மட்டும் எடுக்கிறேன். எல்லாப் பல்லையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவர அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் மாட்டி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். மின்சாரத்தில் சுற்றும் சாணைக்கல்லை ஆரம்பத்திலேயே தொடாதீர்கள். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் பல் நீலம் பாய்ந்துவிடும். அந்த இடம் இறுகிப்போய், அப்புறம் அரம் வைத்தால் வழுக்கும்.

கேள்வி: தீட்டிய பிறகு மெஷின் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து அறுக்கிறது. பார் கோணலா?

பதில்: பாரும் தேய்ந்திருக்கலாம், ஆனால் முதலில் பற்களைச் சந்தேகப்படுங்கள். செயினில் இடது பல், வலது பல் என்று மாறிமாறி வரும். 1946-ல் ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, வண்டுப்புழு ஒன்று தன் இரண்டு தாடையையும் இடமும் வலமுமாக ஆட்டி மரத்தைக் குடைவதைப் பார்த்துவிட்டு உருவாக்கிய அமைப்பு இது. இரண்டு தாடையும் சமமாக இருந்தால்தான் புழு நேராகப் போகும். உங்கள் செயினில் ஒரு பக்கம் நீளமாகவோ கூராகவோ இருந்தால், மெஷினை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

வெர்னியரால் பற்களை அளந்து, இருப்பதிலேயே குட்டையானதைக் கண்டுபிடியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்கு இறக்குங்கள். மனசு வராதுதான், வேறு வழியில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கைத் தள்ளு, இரண்டோ மூன்றோ. ஆரம்பித்த பல்லில் மார்க்கரால் ஒரு பொட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு சுற்று முடிந்ததே தெரியாமல் முதல் பல்லை மறுபடி அராவிவிடுவீர்கள். அதே மார்க்கரை வெட்டுமுனையிலும் பூசி ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் அரம் தொடுகிறது.

எப்போது நிறுத்துவது என்பதற்கு வெளிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். கூர் ஏறியதும் அந்தக் கோடு காணாமல் போகும். அத்தோடு அரத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பல் கையை வெட்டும் அளவுக்குக் கூராக இருக்கிறது. ஆனால் அறுத்தால் சீவல் வராமல் மாவு மாதிரி தூள்தான் கொட்டுகிறது.

பதில்: பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டை மறந்துவிட்டீர்கள். அதுதான் டெப்த் கேஜ். ஒரு தடவைக்குப் பல் எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லின் மேல்தகடு பின்பக்கம் சரிந்திருப்பதால், அராவ அராவ நீளத்தோடு உயரமும் குறையும். மேடு மட்டும் அப்படியே நிற்கும். கடைசியில் பல் மரத்தைத் தொடவே வழியில்லை.

மேடு பல்லின் முனையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்றால், பெரும்பாலான செயினுக்கு 0.65 மி.மீ. இதை அளக்கும் சந்து வைத்த கேஜ் தகட்டைச் செயின் மேல் வைத்தால், மேடு அதிகமாக இருக்கும் இடத்தில் சந்து வழியாகத் தலைநீட்டும். நீட்டுவதை மட்டும் தட்டை அரத்தால் தேய்த்துவிட்டு, முன்பக்க முனையைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். மூன்று நான்கு தீட்டலுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். கண் மதிப்பில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அதிகமாக இறங்கிவிட்டால் செயின் மரத்தைப் பிடித்துக்கொண்டு குதிக்கும், கிக்பேக்கில் பார் முகத்தை நோக்கி எகிறும்.

கேள்வி: அரம் ஒரு மாதத்திலேயே வழவழவென்று ஆகிவிடுகிறதே?

பதில்: முன்னும் பின்னும் தேய்க்கிறீர்கள் போலிருக்கிறது. அரம் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரு தள்ளு, பிறகு தூக்கி எடுத்து மறுபடி வையுங்கள். பல்லோடு உரசியபடி பின்னால் இழுத்தால் அரத்தின் பல்தான் போகும். அவ்வப்போது கைப்பிடியைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள், பழைய பல்துலக்கும் பிரஷால் துகளைத் தட்டிவிடுங்கள். செயின் தொளதொளவென்று ஆடினாலும் அரம் கெடும். தீட்டுவதற்கு முன் செயினை இறுக்கி, பாரை வைஸில் கவ்விக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு செயினை எத்தனை தடவை தீட்டலாம்?

பதில்: தடவைக் கணக்கு இல்லை. பல செயின்களில் பல்லின் மேல்தகட்டில் சாய்வாக ஒரு கோடு இருக்கும், அதுவரை போகலாம். கோடு இல்லையென்றால் 4 மி.மீ. நீளத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் பல் உடைந்து தெறிக்கும். அதுவரை வராமல் பாதியிலேயே ஒரு பல்லில் விரிசல் தெரிந்தாலும் அந்தச் செயினைக் கழற்றிப் பழைய இரும்பில் போடுங்கள்.