'மே தா பேனா' என்றால் துக்கமா, கூச்சமா?

கேள்வி: மெக்சிகோ அலுவலகத்தோடு வேலை செய்வதால் ஆப்பில் ஸ்பானிஷ் படிக்கிறேன். அங்குள்ள சக ஊழியரைக் கூட்டத்தில் பேசச் சொன்னால் 'மே தா பேனா' என்கிறார். ஆப்பில் 'பேனா' என்றால் துயரம் என்றிருக்கிறது. நான் ஆறுதல் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவருக்குத் துக்கம் ஒன்றுமில்லை, நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அவ்வளவுதான். ஆப்பிலும் தவறில்லை. ஸ்பெயினில் 'பேனா' என்றால் வருத்தம், பரிதாபம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கொலம்பியா பக்கம் அதே சொல் கூச்சத்தையும் வெட்கத்தையும் குறிக்கும். கொலம்பியாக்காரர் தாமதமாக வந்துவிட்டு 'கே பேனா' என்றால் மன்னிப்புக் கேட்கிறார். மாட்ரிட்டில் அதற்கே 'அடடா, பாவமே' என்று பொருள். தண்டனை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. மரண தண்டனைக்கு இன்றும் 'பேனா தே முவெர்த்தே' என்றே பெயர்.

உச்சரிப்பு நம் எழுதும் பேனாதான், கடைசி நெடிலை மட்டும் குறுக்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாக்கியத்தை மட்டும் ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். அப்படிப் படித்தால் 'நான்' என்று தொடங்கத் தோன்றும், அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தமிழில் 'எனக்குக் கூச்சமாக இருக்கிறது' என்கிறோம். 'மே' என்பது அந்த 'எனக்கு'தான், 'தா' என்றால் தருகிறது. எனக்குக் கூச்சம் தருகிறது, சரியா? உனக்கு என்றால் 'தே தா', அவருக்கு என்றால் 'லே தா'. பயத்துக்கு 'மே தா மியேதோ'. நாம் பிறந்ததிலிருந்து பேசும் நான்காம் வேற்றுமை இங்கே அப்படியே கைகொடுப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எந்த நாட்டிலும் குழப்பம் வராத சொல் வேண்டுமென்றால் 'வெர்குவென்சா'. முதல் ஒலியை 'அம்பு' என்பதில் வரும் பு போல உதடு ஒட்டிச் சொல்லுங்கள். எழுதும்போது யு எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் 'வெர்கென்சா' என்றாகிவிடும். 'சின்வெர்குவென்சா' என்றால் நம்மூர் 'வெட்கங்கெட்டவன்'. அதைத் தெரிந்துகொள்ளுங்கள், அலுவலகத்தில் சொல்லாதீர்கள். அப்புறம், 'எம்பராசாதா' என்பது கூச்சத்தைக் குறிக்கும் 'எம்பாரஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் போலத் தோன்றினாலும் கர்ப்பிணி என்று பொருள்.

அடுத்த கூட்டத்தில் அவர் தயங்கினால் 'கே நோ தே தே பேனா' என்று சொல்லிப் பாருங்கள். கூச்சப்படாதே என்று அர்த்தம்.