வாங்கும் முன், வாங்கிய பின்: இரண்டு கூட்டல் குறிகளும் ஒரு சிவப்புப் பையும்

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நெருங்கும்போது வாசகர்களிடமிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கப்பல், மீதி கல்யாணம். இந்த முறையும் அப்படித்தான். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபமான வரிகளில் மட்டும் கை வைக்கவில்லை.

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்திற்கு ஒரு ஹோட்டலில் மேசைக்கு 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று 20 மேசைகள் பேசினோம். 24,000 வெள்ளி எடுத்து வைத்திருந்தோம். வந்த பில் 28,776 வெள்ளி. இது பகல் கொள்ளை இல்லையா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: சட்டத்தின் கண்ணில் இல்லை. விலைப்பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். 1,200 என்ற எண்ணின் தோளில் கொசு உட்கார்ந்ததுபோல் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது 9 விழுக்காடு பொருள், சேவை வரி. 24,000 வெள்ளியோடு 2,400 சேர்ந்தால் 26,400. வரி அந்த 26,400 வெள்ளிக்கு. அதாவது, சேவைக் கட்டணத்தின் மேலும் வரி ஏறும். ‘பத்தும் ஒன்பதும் பத்தொன்பது’ என்று மனக்கணக்குப் போட்டுப் போகிறவருக்கும் உங்கள் விருந்தில் 216 வெள்ளி இடித்திருக்கும்.

இனி வருவது என் பழைய புலம்பல். கேட்டுச் சலித்தவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளக் கடையில் ஒரு சோப்பு வாங்கினால் ஒட்டியிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு நடக்கிறோம். வரி பதிவு செய்த கடைகள் வரியையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்பது விதி. சேவைக் கட்டணம் வாங்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ‘வரியும் சேவைக் கட்டணமும் தனி’ என்று கண்ணில் படும்படி எழுதி வைத்தால் போதும். எவருடைய கண்ணில் என்பதுதான் என் கேள்வி. ஒரு காலத்தில் மூன்றாவது கூட்டல் குறியும் இருந்தது. அது 1 விழுக்காட்டு வரி. அது ஒழிந்தது. ஆனால் 1994இல் 3 விழுக்காடாக வந்த பொருள், சேவை வரி 2024 ஜனவரியில் 9 ஆகிவிட்டது. குறி ஒன்று குறைந்தும் பில் இளைக்கவில்லை.

இதில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது முதல் குறி. சேவைக் கட்டணம் அரசாங்கம் போட்டதன்று. ஹோட்டல் தானே வைத்துக்கொண்டது. அதைப் பரிமாறுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒரு விருந்தில், சூடான பாத்திரத்தைத் துணி சுற்றித் தூக்கி வந்த பெண்ணிடம் “இந்தப் பத்து விழுக்காடு உங்களுக்கு வருகிறதா?” என்று கேட்டேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

இனி விருந்து பேசும்போது “எல்லாம் சேர்த்து, நெட் விலை என்ன?” என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். குறைந்தபட்ச மேசை எத்தனை என்பதையும் கேளுங்கள். 20 மேசைக்கு ஒப்புக்கொண்டு 17 மேசைக்குத்தான் ஆள் வந்தால், காலியாக இருந்த மூன்று மேசைக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.

கேள்வி: வீட்டில் வளைகாப்பு. கேட்டரிங்காரர் மீந்த பிரியாணியைக் கட்டித் தர மறுத்துவிட்டார். காசு கொடுத்தது நாங்கள்தானே? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: அவர் நல்லவர். கேட்டரிங் உணவோடு எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிய சீட்டு வரும். சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரம் என்பது கணக்கு. அடுத்த முறையும் அவரையே கூப்பிடுங்கள், அளவை மட்டும் குறைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பேரங்காடியில் ஒரு பெண் ஏதோ கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு ஹோட்டல் அறைக்கு வரவழைத்தார்கள். நான்கு மணி நேரம் பேசினார்கள். விடுமுறைச் சங்க உறுப்பியம் என்று 8,800 வெள்ளியைக் கடன் அட்டையில் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வயது 62, கணவர் இல்லை. பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்று மூன்றாம் நாள். (அங் மோ கியோ வாசகி)

பதில்: அம்மா, இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடாது என்று அன்றே உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

நேரப் பங்கீட்டு விடுமுறை ஒப்பந்தங்கள் (ஒரு விடுதியில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமையை விற்பவை), நீண்டகால விடுமுறைத் திட்டங்கள், அழைக்காமலே வாசலுக்கு வந்து விற்பவை ஆகியவற்றில் கையெழுத்திட்ட பிறகும் ரத்து செய்ய ஐந்து நாள் அவகாசம் உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்கள் அந்த ஐந்தில் சேரா. காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமையும் விற்பவருடையது. ரத்து செய்வதை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடன் அட்டை வங்கிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் இழுத்தடித்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரையிலான வழக்கை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். வழக்கறிஞர் வைக்க முடியாது. அவர்களுக்கும் முடியாது என்பது நமக்கு நல்லது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. 1997இல் நானும் அப்படி ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். திரைச்சீலை மூடிய அறை, குளிர் அதிகம், மேசைக்கு ஒரு விற்பனையாளர். யாராவது கையெழுத்திட்டால் மணி அடித்து எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் அடித்தார்கள். பரிசாகக் கொடுத்த சிவப்புப் பயணப் பையின் கைப்பிடி வீட்டுக்குப் போகும் எம்ஆர்டி ரயிலிலேயே கழன்று வந்தது. ஏழு வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டினேன். ஒரு முறைகூட அறை கிடைக்கவில்லை. பையை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன், பழைய பில்களைப் போட்டு வைக்க.

கேள்வி: சென்னையிலிருந்து திருமணத்துக்கு எட்டு உறவினர்கள் வருகிறார்கள். இணையத்தில் பத்து நாளுக்கு வீடு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: கூடாது. தனியார் வீட்டின் குறைந்தபட்ச வாடகைக் காலம் மூன்று மாதம், வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஆறு மாதம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதிகாரியிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: மூன்று இரவு சொகுசுக் கப்பல், குடும்பத்தில் நான்கு பேர். விளம்பர விலையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கட்டினோம். போதாக்குறைக்கு, நிற்க வேண்டிய ஒரு துறைமுகத்தில் வானிலை சரியில்லை என்று கப்பல் நிற்கவே இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: வானிலைக்குக் கிடைக்காது. பாதையை மாற்றும் உரிமை கப்பலுக்கு உண்டு என்று நீங்கள் படிக்காத பக்கத்தில் எழுதியிருக்கும். நிற்காத துறைமுகத்தின் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவது வழக்கம், கேட்டுப் பாருங்கள்.

ஒன்றரை மடங்கின் கதை இது: விளம்பரத்தில் இருப்பது அறையில் இருவர் தங்கும்போது ஓர் ஆளுக்கான கட்டணம். துறைமுகக் கட்டணம் தனி. பணியாளர் அன்பளிப்பு தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும்; பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. இணையம், குளிர்பானம், கரையில் சுற்றிப் பார்ப்பது எல்லாம் தனித்தனி. சாப்பாடு இலவசம் என்பது உண்மைதான், எந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் என்பதைப் பொறுத்து.

நானும் ஒருமுறை ‘கடல் தெரியும் அறை’ என்று கூடுதல் பணம் கட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் உயிர்காப்புப் படகு தொங்கியது. ஆரஞ்சு நிறம், எண் 14. மூன்று நாளும் நான் பார்த்த கடல் அதுதான். ‘பார்வை மறைக்கப்படும்’ என்று சீட்டில் இருந்ததை மனைவிதான் பிறகு காட்டினார்.

கேள்வி: டிசம்பருக்குப் பதிலாக நவம்பரில் ஹோட்டல் அறை பதிவு செய்துவிட்டேன். ‘திருப்பித் தரப்படாது’ என்று எழுதியிருந்ததாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. (பிடோக் வாசகர்)

பதில்: எழுதியிருந்ததே, தம்பி! இன்னும் யார் வந்து சொல்ல வேண்டும்? ஹோட்டலுக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதித் தேதி மாற்றம் கேளுங்கள். இடையில் இருக்கும் இணையத்தளத்திடம் சண்டை போட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: நண்பர் தம் கோல்ஃப் கிளப் உறுப்பியத்தை மலிவாக விற்கிறார். நல்ல முதலீடா? (புக்கிட் தீமா வாசகர்)

பதில்: கோல்ஃப் ஆடுவீர்களா? ஆடமாட்டீர்கள் என்றால் வேண்டாம். ஆடுவீர்கள் என்றால், பெயர் மாற்றக் கட்டணம், மாதச் சந்தா, நிலத்தின் குத்தகை எந்த ஆண்டில் முடிகிறது என்ற மூன்றையும் கிளப்பிடமே கேளுங்கள், நண்பரிடம் கேட்காதீர்கள். ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலத்தைக் கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2021 தொடக்கத்தில் அந்த ரயில் திட்டமே கைவிடப்பட்டது. கிளப் திரும்பி வரவில்லை.

கேள்வி: சீன உணவகத்தில் கேட்காமலே வேர்க்கடலையும் ஈரத்துண்டும் வைத்துக் காசு வாங்குகிறார்கள். (தோ பாயோ வாசகி)

பதில்: உட்கார்ந்ததும் “வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள், எடுத்துப் போய்விடுவார்கள். கடலையைக் கொறித்துக்கொண்டே சொன்னால் எடுபடாது. என் மேசையில் கடலை உடனே திரும்பிப் போகும். துண்டு சூடாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்வேன். அதற்கும் 10 விழுக்காடு, பிறகு 9.