ஆன்லைனில் தனியாக ஒருவரிடம் செஸ் கற்றுக்கொள்வது காசுக்குத் தகுமா?

ஒரு வருடமாக லிசெஸ் என்ற இலவச ஆன்லைன் செஸ் தளத்தில் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1400-ஐத் தாண்ட முடியவில்லை, அனுபவமுள்ள ஒருவரிடம் ஆன்லைனில் தனி வகுப்பு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நான் நின்றபோது எனக்கு வயது 41. இரண்டு பேரிடம் படித்தேன். முதலாமவரிடம் கொடுத்த காசு போனது போனதுதான்.

அவர் ஃபிடே மாஸ்டர், அதாவது உலக செஸ் கூட்டமைப்பு கொடுக்கும் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்துக்குப் பொதுவாக 2300 ரேட்டிங்கைத் தொட்டிருக்க வேண்டும், ஆகவே அவருடைய ஆட்டத்தில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வகுப்பு என்றால் அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். சிசிலியன் என்ற ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையில், பதினைந்தாவது நகர்த்தல் வரை மனப்பாடம் செய்யச் சொன்னார். என்னோடு ஆடுகிறவர்களோ ஐந்தாவது நகர்த்தலிலேயே ஏதோ ஒரு சந்தில் திரும்பிவிடுவார்கள். அப்புறம் நான் நடுத்தெருவில். எட்டு வகுப்போடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தவர் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். பட்டம் எதுவும் கிடையாது, ரேட்டிங் 2000-ஐ ஒட்டி இருக்கும். மணிக்கு 600 ரூபாய். முதல் நாளே, "நீங்க தோத்த பத்து ஆட்டத்தை அனுப்புங்க தம்பி. ஜெயிச்சது வேண்டாம்" என்றார். லிசெஸ்ஸில் 'ஸ்டடி' என்று ஒரு வசதி உண்டு. இருவரும் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டு காய் நகர்த்தலாம், இலவசம்தான். அதில் என் ஆட்டத்தை ஏற்றி, கம்ப்யூட்டர் கணிப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்துவார்.

"இங்க ஏன் குதிரையை வெட்டினீங்க?"

"அவர் வெட்டிடுவாரோன்னு, சார்."

"வெட்டட்டுமே. வெட்டினா உங்களுக்கு என்ன போச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது ஆட்டத்திலும் இதே கேள்வி வந்தபோதுதான் உறைத்தது. பலகையில் கொஞ்சம் நெருக்கடி வந்தாலே, யோசிக்கிற வேலை குறையட்டும் என்று காய்க்குக் காய் வெட்டி மாற்றிக்கொள்வது என் பழக்கம். நல்ல நிலையில் இருக்கும்போதும் அதையேதான் செய்திருக்கிறேன். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கம்ப்யூட்டர் நிரல் இந்த நகர்த்தலைத் தப்பு என்று நூறு தடவை காட்டியிருந்தது. நான் பயந்துபோய் வெட்டினேன் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இந்தச் சறுக்கல் உண்டு என்று இன்னொரு நாள் சிங்கப்பூர் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். 2024 டிசம்பரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம், அப்போதைய சாம்பியன் டிங் லிரெனும் குகேஷும் ஆடியது. டிங் லிரெனுக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் தாக்குப்பிடித்தால் டிரா. யானையை மாற்றிக்கொள்ளலாம் என்று எஃப்2 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். (சார் 'ரூக்' என்பார். எங்கள் வீட்டில் அது எப்போதும் யானைதான்.) யானைகள் போயின. மூலையில் நின்ற பிஷப்பையும் குகேஷ் மாற்ற வைத்தார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும்தான், அது டிங்குக்குத் தோற்கிற ஆட்டம்.

ஓப்பனிங்கை சார் தொடவே இல்லை. பில்லிடோர் நிலை (எதிராளியிடம் யானையும் ஒரு சிப்பாயும், நம்மிடம் யானை மட்டும் இருக்கும்போது டிரா செய்யும் வழி) மட்டும் நான்கு வாரம்: எதிராளியின் சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வரும்வரை நம் யானை அந்த வரிசையைக் காக்க வேண்டும், சிப்பாய் வந்ததும் பலகையின் கடைசி வரிசைக்கு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். பத்து மாதத்தில் 1420-லிருந்து 1640-க்கு வந்தேன். பெரிய சாதனை இல்லை.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். சும்மா நின்ற காயைக் கவனிக்காமல் பறிகொடுத்துத்தான் தோற்கிறீர்கள் என்றால் இப்போதைக்கு ஆசிரியர் வேண்டாம். தினமும் அரை மணி நேரம் செஸ் புதிர் (பஸில்) போடுங்கள், அது ஓசி. அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, ஆனாலும் ஏன் தோற்கிறோம் என்றே புரியவில்லை என்றால் ஆள் தேடுங்கள். ஒரு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். முதலில் ஒரே ஒரு வகுப்பு, அதற்கு முன் தோற்ற ஆட்டம் இரண்டை அனுப்பிவையுங்கள். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் தன் பாடத்தை ஆரம்பித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.