50 நிமிடத்துக்குள் ஒரு புது நாடகம்

சிறு குழுக்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் வந்து நடிக்கும் விளிம்பு (ஃப்ரிஞ்ச்) நாடக விழாவுக்குப் புது நாடகங்களோடு தயாராகும் இளம் குழுக்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள். நான் மேடை நிர்வாகி. பக்கத் திரைக்குப் பின்னால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாடகம் பார்த்தே பழகியவள். என் பதில்களும் அந்த இடத்திலிருந்துதான் வரும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஆறு பேர். இரண்டு புது நாடகங்கள் எழுதியிருக்கிறோம். விழாவில் ஒவ்வொன்றுக்கும் 60 நிமிடம். அதில் ஒன்று வாசிப்பிலேயே 80 நிமிடம் போகிறது. கொஞ்சம் வேகமாகப் பேசிச் சமாளிக்கலாமா?

கூடாது. வேகமாகப் பேசினால் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் வராது, மௌனம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அப்படியும் பத்து நிமிடம்கூட மிச்சமாகாது.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்கள். 60 நிமிடம் என்று விழாக்காரர்கள் தருவது உங்கள் கைக்கு வரும்போது 50தான். கதவு திறந்து ஆட்கள் உட்கார வேண்டும், கடைசி நிமிடத்தில் ஓடிவருகிறவர்களுக்கு இடம் கிடைக்க வேண்டும், முடிவில் கைதட்டலும் வணக்கமும் இருக்கிறது. வாசிப்பு நேரத்தை நம்பாதீர்கள். உடம்பு அசையத் தொடங்கியதும், பார்வையாளர் சிரிக்கத் தொடங்கியதும் நாடகம் நீளும். நேரம் தாண்டினால் அபராதம் போடும் அரங்குகள் உண்டு. அடுத்த குழு வாசலில் காத்திருப்பதால் விளக்கைப் போட்டு நிறுத்திவிடும் அரங்குகளும் உண்டு. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆக, நீங்கள் குறைக்க வேண்டியது 20 நிமிடம் அல்ல, 30. இங்கும் இரண்டு வரி, அங்கும் இரண்டு வரி என்று கிள்ளினால் அந்த அளவு குறையாது. எல்லாக் காட்சியும் மெலிந்துபோகும், நாடகம் மட்டும் அப்படியே நீளமாக இருக்கும். ஒரு பாத்திரத்தையே எடுக்க முடியுமா என்று பாருங்கள். அந்தத் துணைக்கதை இல்லாமல் நாடகம் நிற்குமா? நின்றால், அது இல்லாமலே நிற்கட்டும்.

இதை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யாமல் ஒத்திகைத் தரையில் செய்து பாருங்கள். அண்மையில் ஒரு குழுவின் ஒத்திகையில் இருந்தேன். அப்பாவின் வீட்டைப் பிரிக்க வரும் அக்காவும் தம்பியும் பற்றிய காட்சி. தொடக்கத்தில் மூன்று பக்கம் நலம் விசாரிப்பு: பயணம் எப்படி, பிள்ளைகள் எப்படி, வீடு எப்படி ஆகிவிட்டது பார். ‘நான்காம் பக்கத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்’ என்றார் இயக்குநர். அக்காவாக நடித்த பெண் உள்ளே வந்தாள். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள், மேசைமேல் வைத்தாள், கையை எடுக்கவில்லை. தம்பியாக நடித்தவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, ‘எப்ப வந்தே?’ என்றார். அந்த மூன்று பக்கத்தில் இருந்த அத்தனையும் அந்தக் கையில் வந்துவிட்டது. எழுதியவர் பேனாவை எடுத்து மூன்று பக்கத்தையும் தானே அடித்தார்.

ஒரு மணி நேர நாடகம் என்றால் இரண்டு மணி நேர நாடகத்தின் பாதி என்று நினைக்க வேண்டாம். ஆங்கில நடிகையும் எழுத்தாளருமான ஃபீபி வாலர்-பிரிட்ஜ் 2013இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விளிம்பு விழாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி தனியாக நடித்த ‘ஃப்ளீபேக்’ ஒரு மணி நேரம்தான். தொலைக்காட்சித் தொடராக அது விரிந்தது பிறகு.

கேள்வி: இரண்டு விழாக்களுக்கு விண்ணப்பித்தோம். ஒன்றில் குலுக்கலில் விழவில்லை. இன்னொன்றில் பதிவு செய்துவிட்டோம், ஆனால் அரங்கு கிடைக்கவில்லை. எங்கள் நாடகம் தகுதியில்லாததா?

குலுக்கலில் விழாதது உங்கள் நாடகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிரதியை யாரும் படிக்கவே இல்லை என்பதுதான் குலுக்கலின் நியாயம்.

இந்த விழாக்கள் பிறந்த விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1947இல் எடின்பரோவில் முதல் சர்வதேச விழா நடந்தபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து, கிடைத்த இடங்களில் நடித்தன. விளிம்பு என்ற பெயர் அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர் பத்திரிகையில் எழுதியதிலிருந்து நிலைத்தது. 1958இல் அவர்களுக்கென ஒரு சங்கம் உருவானபோது, யார் நடிக்கலாம் என்பதைச் சங்கம் தீர்மானிக்காது என்பதையே அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். அங்கே பதிவு எல்லோருக்கும் திறந்தது, ஆனால் அரங்கு நடத்துகிறவர் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார். உங்கள் இரண்டாவது அனுபவம் இந்த வகை. கனடாவில் 1982இல் எட்மன்டனில் தொடங்கிய விழாவின் வழி வந்தவை பெரும்பாலும் குலுக்கலில் தேர்ந்தெடுக்கின்றன, டிக்கெட் விலையைக் கலைஞருக்கே தருகின்றன.

எனவே செய்ய வேண்டியது இரண்டு. காத்திருப்போர் பட்டியலில் பெயரை விட்டுவையுங்கள். குழுக்கள் கடைசி வாரங்களில்கூட விலகுவது சகஜம். சொந்தமாக இடம் பிடித்து வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நூலக அறை, ஒரு பழைய பட்டறை, ஒரு வகுப்பறை போதும். உங்கள் நாடகத்தில் மூன்று பேர்தானே வருகிறார்கள் என்றால் எனக்கு அதுவே பிடிக்கும்.

கேள்வி: நாடகம் இன்னும் எழுதி முடியவில்லை. அதற்குள் விழா மலருக்கு 40 சொல்லில் அறிமுகம் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?

எல்லாக் குழுவுக்கும் இதே கதைதான், மலர் அச்சாகிற தேதி நாடகம் முடிகிற தேதிக்கு எப்போதும் முன்னால் வரும். முடிவைப் பற்றி எதுவும் வாக்குக் கொடுக்காதீர்கள். யார், எங்கே, என்ன சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் போதும். ‘உறவுகளின் ஆழத்தைத் தேடும் பயணம்’ போன்ற வாக்கியத்தை எழுதவே வேண்டாம். அது எந்த நாடகத்துக்கும் பொருந்தும், ஆகவே உங்களுடையதற்குப் பொருந்தாது. ‘அப்பா இறந்து ஒரு மாதம். வீட்டுக்கு ஒரு சாவிதான் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேர்.’ இதைப் படித்தவர் டிக்கெட் வாங்குவார்.

கேள்வி: எங்கள் நாடகாசிரியர் ஒவ்வொரு ஒத்திகைக்கும் புதுப் பக்கங்களோடு வருகிறார். நடிகர்கள் சோர்ந்துவிட்டோம். எதுவரை பிரதியை மாற்றலாம்?

முதல் காட்சிக்கு இரண்டு வாரம் முன்பு பிரதியைப் பூட்டிவிடுங்கள். அந்தத் தேதியை ஒத்திகை தொடங்கும் நாளிலேயே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், பிறகு சண்டை வராது. பூட்டிய பிறகு வெட்டலாம், சேர்க்கக் கூடாது. எழுத்தாளருக்கு இது வலிக்கும், எனக்குத் தெரியும். புது நாடகத்தில் எழுதுகிறவர் ஒத்திகையில் இருப்பது பெரிய வரம். நடிகர் ஒரு வரியில் திரும்பத் திரும்பத் தடுக்கினால், பெரும்பாலும் தவறு வரியில்தான் இருக்கிறது, அதை எழுதியவர் காதால் கேட்டே பிடித்துவிடுவார். ஆனால் வசனத்தை மறந்துவிடுவோமோ என்ற பயத்தோடு மேடையில் நிற்கும் நடிகர் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கமாட்டார். கேட்காதவர் நடிக்கவும் மாட்டார்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தின் மேல் தேதி போடுங்கள். பழைய பக்கத்தை அன்றைக்கே வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

கேள்வி: தொழில்நுட்ப ஒத்திகைக்கு மூன்று மணி நேரம்தான் தருகிறார்கள். அரங்கில் எங்களுக்கு முன்னும் பின்னும் வேறு குழுக்கள். எப்படித் தயாராவது?

இதற்குத்தான் காத்திருந்தேன்.

அந்த அரங்கின் விளக்குகள் எல்லாக் குழுவுக்கும் பொதுவாகத் தொங்கவிடப்பட்டிருக்கும். மேடை முழுக்கப் பரவும் வெளிச்சம், ஒன்றிரண்டு இடங்களில் தனி விளக்கு, சில நிறங்கள், அவ்வளவுதான். ஏணி போட்டுத் திருப்ப விடமாட்டார்கள். 60 ஒளி மாற்றங்களோடு போகாதீர்கள், 15க்குள் முடியுங்கள். மேடை வரைபடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதன் அளவை ஒத்திகை அறைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். தூண் இருந்தால் அந்த இடத்தில் ஒரு நாற்காலியை வைத்து ஒத்திகை பாருங்கள்.

கியூ தாளை, அதாவது ஒளியும் ஒலியும் மாற வேண்டிய தருணங்களின் பட்டியலை, வீட்டிலேயே எழுதி முடியுங்கள். எண், எந்தச் சொல்லுக்கு அல்லது எந்த அசைவுக்கு, என்ன மாறுகிறது, எத்தனை வினாடியில் மாறுகிறது. ‘சோகம் கூடும்போது விளக்கு குறையும்’ என்று எழுதினால் விளக்குகளை இயக்கும் கன்சோலில் இருப்பவருக்கு எதுவும் புரியாது. ‘சாவியை வைத்துக் கையை எடுத்ததும், 5 வினாடி’ என்று எழுதுங்கள். அரங்கின் ஆபரேட்டர் உங்கள் நாடகத்தைப் பார்த்ததே இல்லை, அன்று அவருக்கு இது எத்தனையாவது குழுவோ. உங்கள் தாள் தெளிவாக இருந்தால் அவர் முழு மனதோடு உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

அந்த மூன்று மணி நேரத்தில் நாடகத்தை ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசையை விடுங்கள். முதலில், இருட்டில் நகரும் இடங்களும் கைகலப்பும், ஏனென்றால் அடிபடுவது அங்கேதான். முழு இருட்டு கிடைக்காது. அவசர வழி விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், அதை அணைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அடுத்து கியூவிலிருந்து கியூவுக்குத் தாவுங்கள்: மாற்றத்துக்கு முந்தைய இரண்டு வரி, ‘ஸ்டாண்ட்பை’ (தயாராக இரு), ‘கோ’ (இப்போது மாற்று), சரியா, அடுத்தது. அந்த நேரத்தில் ‘கோ’ என்ற சொல்லை மேடை நிர்வாகியைத் தவிர யாரும் வாயால் உச்சரிக்கக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. ஒலியைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள், நிறைந்த அரங்கில் உடம்புகள் சத்தத்தை உறிஞ்சிவிடும். ஒலி ஓட்டும் மடிக்கணினியில் அறிவிப்புகள், தானியங்கிப் புதுப்பிப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

மேடை அமைக்க உங்களுக்கு 10 அல்லது 15 நிமிடம் கிடைக்கும். அதையும் ஒரு காட்சி மாதிரி ஒத்திகை பாருங்கள். யார் மேசை, யார் நாற்காலி, யார் டேப் அடையாளம், யார் பொருட்களைப் பட்டியலோடு சரிபார்ப்பது. இரண்டு கையில் அடங்காத பொருளை நாடகத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். முதலில் கேட்ட குழுவைப் போல இரண்டு நாடகம் போடுகிறீர்கள் என்றால், இரண்டாவதையும் அதே மேசை, அதே நாற்காலியில் அமைக்க முடிந்தால் அமையுங்கள். இதைச் சிக்கனம் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆறு பேர் இரண்டு நாடகம் செய்யும்போது, களைத்த உடம்பு தூக்குகிற ஒவ்வொரு கிலோவும் அடுத்த காட்சியில் குரலில் தெரியும்.

கேள்வி: பார்க்க வந்தவர்கள் நான்கு பேர்தான் என்றால்?

முன்வரிசைக்கு அழைத்து உட்கார வையுங்கள். முழுசாக நடியுங்கள். வராதவர்களைப் பற்றி அவர்களிடம் வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: நண்பர்களாகச் சேர்ந்த குழு. பணம் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. எப்போது பேசுவது?

முதல் டிக்கெட் விற்பதற்கு முன். அரங்கோடு என்ன ஒப்பந்தம் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அரங்குக்குப் போவது வசூலில் பங்கா, குறைந்தபட்சத் தொகையா, இரண்டில் எது அதிகமோ அதுவா என்று. மூன்றாவது வகையில் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில் விழும், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வரவிலிருந்து முதலில் செலவு, பிறகு பங்கு. எழுதியவர், இயக்கியவர், விளக்கு பார்த்தவர் எல்லோருக்கும் பங்கு உண்டா என்பதை எண்ணில் எழுதுங்கள். கைக்காசு போட்டவருக்கு எப்போது திரும்பும் என்பதையும் எழுதுங்கள். ஒரு திரைப்படப் பாட்டைப் பயன்படுத்துவதாக இருந்தால் அனுமதிக்கான செலவையும் இதிலேயே சேருங்கள், இல்லையென்றால் குழுவில் ஒருவரை இசையமைக்கச் சொல்லுங்கள்.

பிரதியின் உரிமை எழுதியவருடையது. ஒத்திகையில் எல்லோரும் சேர்ந்து உருவாக்கிய நாடகமானால் அது யாருடையது என்பதை இப்போதே பேசி முடிவு செய்து, பெயர்களை வரிசையாக எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். விழாவில் பார்த்துவிட்டு வேறு அரங்கு கூப்பிட்டால், யார் போய்ப் பேசுவது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.